ஒன்பது நாள் வந்த பந்து

ஆடி மாதம் இரண்டாம் வெள்ளிக்கிழமை, மாலை நாலேகால் மணிக்குத் திண்டிவனம் மைதானத்தில் இளவரசியின் கையிலிருந்து கிளம்பிய பந்து பெனாசிரைக் கடந்து போக ஒன்பது நாள் எடுத்துக்கொண்டது. நடுவிலிருந்த தூரம் ஐம்பத்து நாலு அடி. நாளொன்றுக்கு ஆறடி வீதம், நெஞ்சு உயரத்தில், கீழே இறங்காமல் அது வந்துகொண்டிருந்தது. இரண்டாம் நாள் காலை ஒரு காக்கை அதன்மேல் உட்கார்ந்து சிறகைக் கோதிவிட்டுப் போனது. அப்போதும் பந்தின் போக்கு மாறவில்லை.

பெனாசிர் தென்பெண்ணைப் பெண்கள் பேஸ்பால் அணியில் ஆடுபவள். விழுப்புரத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து சேர்ந்த அந்த அணி, நாலு வருடத்தில் முப்பத்தோரு ஆட்டம் ஆடி முப்பத்தொன்றிலும் தோற்றிருந்தது. கைவலிமைக்குக் குறைவில்லை. கண்டமங்கலத்துப் பெண்கள் இரண்டு பேர் அடித்தால் பந்து பைபாஸ் ரோட்டைத் தாண்டும். ஆனால் யாருக்கும் பொறுமை கிடையாது. பேஸ்பாலில், அடிப்பவர் முன்னே தரையில் பதித்த பிளேட்டுக்கு மேலே வரும் பந்தை விட்டாலும், எந்தப் பந்துக்கும் மட்டை வீசித் தவறினாலும் ஸ்ட்ரைக். விலகிப் போகும் பந்தை அடிக்காமல் விட்டால் அது பால். மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் அவுட். நாலு பால் சேர்ந்தால் மட்டையைப் போட்டுவிட்டு முதல் பேஸுக்கு நடந்தே போகலாம். தென்பெண்ணை அணியில் அப்படி நடந்து போனவர் ஒருவருமில்லை. தலைக்கு மேலே போவதையும் அடிப்பார்கள், தரையில் உருண்டு வருவதையும் அடிப்பார்கள். பயிற்சியாளர் குசுமா, செஞ்சிப் பக்கத்து ஜைனக் குடும்பத்துக்காரர், பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிப்பவர், தொண்டை வறளக் கத்திப் பார்த்தார். "பந்தப் பாருங்கடி, பந்து எங்கியும் ஓடிப் போயிடாது" என்பார். அவர்களுக்கோ அது ஓடிப் போய்விடும் என்றே தோன்றியது.

அவர்களில் பெனாசிரின் அவசரம் தனி ரகம். பஸ் நிற்கும் முன்னே இறங்கி முழங்காலில் இரண்டு தழும்பு வாங்கியவள். பரீட்சை எழுதினால் முக்கால் மணி முன்பே தாளைக் கொடுத்துவிடுவாள். பெண் பார்த்துவிட்டுப் போன கூனிமேட்டு மாப்பிள்ளை வீட்டார் சாயந்திரம் பதில் சொல்கிறோம் என்று சொன்னதற்கு, மத்தியானமே வேண்டாம் என்று இவளே போன் போட்டாள். "இவ என் வயித்துலயே எட்டு மாசம்தான் இருந்தா" என்று அவள் அம்மா சாரா பீவி கோட்டக்குப்பத்தில் எல்லோரிடமும் சொல்வதுண்டு.

அந்த வெள்ளிக்கிழமை ஆட்டத்திலும் தோற்றால் அணியைக் கலைத்துவிடுவதாகப் பேஸ்பால் சங்கத்தில் முடிவு செய்திருந்தார்கள். எதிரே கெடிலம் அணி. கடைசிச் சுற்றில் இரண்டு பக்கமும் நாலு ரன். தென்பெண்ணைக்கு இரண்டு பேர் அவுட், மூன்று பேஸிலும் ஆள். மட்டையோடு நின்ற பெனாசிருக்கு இரண்டு ஸ்ட்ரைக். எட்டிக்கூட அடிக்க முடியாதபடி முதுகுக்குப் பின்னால் போனவை மூன்று பால். இனி ஒரு பந்து. அது பாலாக இருந்தால் எல்லோரும் ஒரு பேஸ் நகர்வார்கள், மூன்றாம் பேஸ்காரி உள்ளே வந்து ஒரு ரன், ஜெயம். அவுட்டானால் ஆட்டம் நீளும், நீண்ட ஆட்டம் எதையும் தென்பெண்ணை தாங்கியதில்லை. அந்தப் பந்தைத்தான் கெடிலத்தின் இளவரசி வீசினாள், அதுதான் வரவில்லை.

அம்பயர் ஆனந்தராஜ் தபால் ஆபீஸில் வேலை பார்ப்பவர். விதிப் புத்தகத்தை இரண்டு முறை முதலிலிருந்து கடைசி வரை படித்தார். கையை விட்டுக் கிளம்பிய பந்து போய்ச் சேரும்வரை ஆட்டம் நடப்பில்தான் இருக்கிறது, நிறுத்த முடியாது என்றார். அடிப்பவர் நிற்கவேண்டிய சுண்ணாம்புக் கட்டத்துக்குள் மட்டை இருந்தால் ஆளும் இருப்பதாக எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை கொடுத்தார். அதனால் பெனாசிர் கை கால் கழுவவும் குளிக்கவும் போய் வர முடிந்தது. மூன்றாம் பேஸிலிருந்த ப்ரியதர்ஷினி அன்று மாலையே சாவகாசமாக நடந்து வந்து ஹோம் பிளேட்டைத் தொட்டாள். பெனாசிர் அவுட்டானால் இந்த ரன் செல்லாது என்று அம்பயர் சொல்லிவிட்டதால், கை தட்டியவர்கள் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

முதல் இரண்டு நாளும் பெனாசிருக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊர்ந்தது. நாற்பதடிக்கு மேல் தள்ளியிருந்த பந்தைப் பார்த்து மட்டையை இரண்டு தடவை தூக்கினாள், இரண்டு தடவையும் குசுமா பேரைச் சொல்லிக் கூப்பிட்டதால் இறக்கினாள். மூன்றாம் நாள் அழுதாள். நாலாம் நாள் பெய்த மழையில் பந்து மட்டும் நனைந்தபடி வந்துகொண்டிருந்தது. மற்ற எல்லோரும் ஷெட்டுக்குள் ஒதுங்கினார்கள். அவளுக்கு ஒரு குடை கொடுத்தார்கள். சாரா பீவி பஸ்ஸில் சோறு கொண்டு வந்தாள். பெனாசிர் கட்டத்துக்குள்ளேயே மேற்கே பார்த்துத் தொழுதாள். விழுப்புரத்துப் பஸ்களில் கண்டக்டர்கள் "பந்து பாக்கறவங்கல்லாம் எறங்கு" என்று குரல் கொடுக்க ஆரம்பித்தார்கள். அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்பவர்கள் மைதானத்தின் நாலு மூலையிலும் உட்கார்ந்தார்கள்.

இளவரசிக்கும் போக்கிடமில்லை. பந்து வீசும் மேட்டின்மேல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். ஐந்தாம் நாள் இருவரும் பேசத் தொடங்கினார்கள்.

"ஏய், இது எங்க வருது?" என்று பெனாசிர் கேட்டாள்.

"அத நீதான் பாக்கணும். நான் விட்டதோட என் வேலை முடிஞ்சுது."

"நீ சொல்லேன், பேஜாரா இருக்குது."

"சொல்ல மாட்டேன் போ. எனக்கும் ஜெயிக்கணும் இல்ல?"

ஆகவே பெனாசிர் பார்த்தாள். தன் வாழ்நாளில் எந்தப் பந்தையும் அவள் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. வெள்ளைத் தோலில் சிவப்புத் தையல் இருப்பதே அப்போதுதான் மனதில் பட்டது. ஒரு பக்கம் தையலில் நூல் பிசிறியிருந்தது. அந்தப் பிசிறு காலையில் மேலே இருந்தால் சாயந்திரம் பக்கவாட்டில் இருந்தது. பந்து சுழல்கிறது, மிக மெல்ல.

எட்டாம் நாளான சனிக்கிழமை காலை அவள் தகப்பனார் ஹமீத் ஷார்ஜாவிலிருந்து விடுமுறையில் வந்து இறங்கினார். சென்னை விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகாமல், இரண்டு பெட்டிகளோடு நேரே மைதானத்துக்கு வந்து, கட்டத்துக்கு வெளியே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். ஹமீதுக்கு வார்த்தைகளுக்கு நடுவில் நின்றுவிடும் பழக்கம். போனில் அவர் ஒரு வாக்கியம் தொடங்கினால் முடிப்பது பெனாசிர்தான். இருபது வருடமாக அப்படித்தான். "நான் வந்து…" என்பார். "நல்லாருக்கீங்க, சரி, உடம்பப் பாத்துக்கங்க" என்று சொல்லி வைத்துவிடுவாள்.

அன்றும் அவர், "பெனாசிரு, நான் வந்து…" என்று தொடங்கி நின்றார். அவள் கண் பந்தின்மேல் இருந்தது. அதனாலோ என்னவோ, வாயில் ஒன்றும் வரவில்லை. மத்தியான லுஹர் தொழுகை முடிந்தது. ஹமீத் தண்ணீர் குடித்தார். பக்கத்து ரோட்டில் பல பஸ்கள் போயின. சாயந்திர அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில்தான் மீதி வந்தது.

"நான் திரும்பிப் போகலம்மா. பத்து வருசமா சொல்லணும்னு பாக்குறேன். அங்க என்னால முடியல. உங்களோடவே இருந்துட்றேன்."

பத்து வருடத்தில் எத்தனை போன் என்று நினைத்துப் பார்த்தாள். ஒவ்வொன்றும் இந்த வாக்கியம் வருவதற்குச் சற்று முன்னால் வைத்த போன்.

"இருங்க அத்தா" என்றாள். ஹமீத் தலையாட்டிவிட்டு, ஒரு பெட்டியைத் திறந்து பேரீச்சம்பழம் எடுத்து அம்பயர் முதல் எதிரணி வரை எல்லோருக்கும் கொடுத்தார்.

ஞாயிறு பிற்பகலில் பந்து கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. மைதானத்தைச் சுற்றி எள் விழ இடமில்லை. "அடிம்மா, சும்மா நிக்குது பாரு, அடி" என்று ஊரே கத்தியது. அவள் அணிப் பெண்களும் கத்தினார்கள். குசுமா மட்டும் வாயைத் திறக்கவில்லை. முதல் பேஸ் பக்கம் நின்றவர்கள் பந்து பிளேட்டுக்கு மேலே வருகிறது என்றார்கள், மூன்றாம் பேஸ் பக்கம் நின்றவர்கள் இல்லை என்றார்கள். ஆனந்தராஜ் முகமூடியை மாட்டிக்கொண்டு, அடிப்பவருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்க உட்காரும் கேட்சருக்குப் பின்னால் குனிந்து, "வந்தப்புறம்தான் சொல்லுவேன்" என்றார். பெனாசிர் அந்த நூல் பிசிறைப் பார்த்தாள். காலையிலிருந்து அது வெளிப்பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. பந்து அதன் பின்னாலேயே, விரல் விரலாக, பிளேட்டின் ஓரத்தை விட்டு நகர்ந்துகொண்டிருந்தது. மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு சும்மா நின்றாள்.

நாலேகாலுக்கு அது அவளைக் கடந்தது. பிளேட்டுக்கு இரண்டு விரற்கடை வெளியே. கேட்சரின் கையுறையில் விழும்போது ஒன்பது நாளுக்கு முன்பு வீசிய வேகம் முழுவதும் அதில் இருந்ததால், சத்தம் பட்டாசு போலக் கேட்டது. கேட்சர் பின்புறமாக மல்லாந்தாள்.

"பால் நாலு" என்றார் அம்பயர்.

பெனாசிர் மட்டையைத் தரையில் வைத்துவிட்டு முதல் பேஸுக்கு நடந்து போனாள். ஓடவில்லை. ஐந்துக்கு நாலு என்று ஆனந்தராஜ் எழுதிக் கையெழுத்துப் போட்டார். குசுமா வெயில் இருக்கும்போதே டிபன் பாக்ஸைத் திறந்தார். இளவரசி மேட்டிலிருந்து இறங்கி வந்து, "கண்ணு வலிக்குதாடி?" என்று கேட்டாள்.

தென்பெண்ணை அணி கலைக்கப்படவில்லை. அதற்குப் பிறகு ஜெயித்த ஆட்டங்களும் உண்டு, தோற்றவை அதைவிட அதிகம். ஆனால் இப்போது எல்லோரும் நாலு பாலுக்குப் பொறுத்திருந்து முதல் பேஸுக்கு நடந்து போகிறார்கள். திண்டிவனத்தில் சில பந்துகள் தாமதமாக வருவது வழக்கமாகிவிட்டது. இரண்டு மணி நேரம், ஒரு நாள், ஒருமுறை பதினாறு நாள். சங்கத்தின் விதித்தாளில் இதற்கென்று ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். இந்தத் தை மாதம் இளவரசி ப்ரியதர்ஷினிக்கு வீசிய பந்து நாளொன்றுக்கு இரண்டு அங்குலம் வருகிறது. மற்ற ஆட்டங்களைப் பக்கத்து மைதானத்துக்கு மாற்றிவிட்டார்கள். ப்ரியதர்ஷினி கட்டத்துக்குள் நாற்காலி போட்டு அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். பந்து மார்கழிக்குள் வந்துவிடும்.