ராஜம் வீட்டில் மட்டும் தண்ணீர்

காலை ஆறு மணிக்குத் தெருக்குழாயில் தண்ணீர் விடுவார்கள். எட்டு மணிக்கெல்லாம் எதிர்வீட்டு ராஜம் மாடித் தொட்டியை நிரப்பிவிட்டுத் துணி துவைக்க உட்கார்ந்துவிடுவாள். அஞ்சுகம் வீட்டுக் குழாயோ நூல் மாதிரி ஒழுகும்; மூன்று குடம் நிரம்புவதற்குள் நின்றுவிடும்.

“ஏங்க, நாமளும் அதே தண்ணி வரிதானே கட்டுறோம்? அவளுக்கு மட்டும் எப்புடிக் கொட்டுது? மோட்டார் வச்சு உறிஞ்சுறா.”

“நீ பாத்தியா?” என்றான் கணவன் பஞ்சநாதன்.

“பாக்க விட்டாத்தானே! கொல்லைக் கதவ எப்பவும் சாத்தியே வச்சிருக்கா.”

தண்ணீர் இல்லாமல் அஞ்சுகத்துக்குப் பழகிவிட்டது. ராஜத்திடம் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

அந்த வாரமே மோட்டார் வாங்கிப் நகராட்சிக் குழாயிலேயே நேராக மாட்டினார்கள். மாட்டக்கூடாது என்று பஞ்சநாதனுக்குத் தெரியும். ‘ஊருல எவன் மாட்டல?’ என்று தேற்றிக்கொண்டான். மறுநாள் தொட்டி நிரம்பி வழிந்தது. ராஜம் காதில் விழட்டும் என்று பத்து நிமிடம் வழியவிட்டாள் அஞ்சுகம்.

“அக்கா, எங்களுக்கு இன்னைக்குச் சொட்டுத் தண்ணி வரல. ஒங்களுக்கு?” என்று வாசலில் நின்று கேட்டாள் ராஜம்.

“எங்களுக்கு நல்லாத்தான் வருது” என்றபோது அஞ்சுகத்துக்குப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது.

நான்காம் நாள் மகள் நிலாவுக்கு வாந்தி, பேதி. அடுத்த வாரம் பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வு. இரண்டு நாள் மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றி அழைத்துவந்தார்கள். ராஜத்தின் மகன் மாறன் உட்படத் தெருவில் இன்னும் மூன்று பிள்ளைகள் படுத்துவிட்டார்கள்.

நகராட்சிக் குடிநீர்க் குழாய் லைன்மேன் கருப்பையன் வந்து தோண்டிப் பார்த்தார். சாக்கடைக்கு அடியில் குழாய் இணைப்பு விட்டிருந்தது.

“யாரோ மோட்டார் போடுறீங்க. குழாயில தண்ணி தீந்தா அது சும்மா இருக்குமா? சாக்கடைய இழுத்துத் தெரு முழுக்கக் கலந்துவிட்டிருக்கு. யார் வீட்டுல?”

அஞ்சுகம் எதிர்வீட்டைக் கை காட்டினாள்.

தெருவே பின்னால் வரக் கருப்பையன் ராஜத்தின் கொல்லைக் கதவைத் திறந்தார். மோட்டார் இல்லை. இடுப்பளவு குழி, அதன் அடியில் குழாய், சுற்றிலும் குடங்கள்.

“பள்ளத்துல வச்சா கொஞ்சம் கூட வரும்ணே. தெனம் நாப்பது குடம் மாடிக்குச் சுமக்குறேன். இடுப்பு கழண்டு போவுது” என்றாள் ராஜம்.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து நிலாவின் குரல் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“ஏம்மா பொய் சொல்ற? மோட்டார் நம்ம வீட்டுலதான இருக்கு?”

எல்லோரும் திரும்பினார்கள். அஞ்சுகம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஒன்னப் பாத்து வயிறு எரிஞ்சேன் ராஜம். எம்பொண்ணையே படுக்க வச்சிட்டேன். இப்பவே கழட்டச் சொல்றேன்.”

ராஜம் அவளைத் தூக்கிவிடவில்லை.

“எம்மவன் இன்னும் ஆஸ்பத்திரியிலதான்க்கா கெடக்குறான். எப்புடித் தண்ணி வருதுன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா, ஒங்க வீட்டுல குழி வெட்ட நானே வந்திருப்பேன். பத்தலன்னா எல்லாருமா ஆபீசுக்குப் போயிச் சண்ட போட்டிருக்கலாம். தெருவுக்கே ஒரு குழாய்தான். அடுத்த வீட்டுக்குப் போவக்கூடாதுன்னு உறிஞ்சுனா, அந்தச் சாக்கடைய நம்ம புள்ளையும்தான் குடிக்கும்.”