உண்மைக்கு முதல் பரிசு

எங்கள் குப்பத்திலிருந்து காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் என் அண்ணன் சிவஞானம். அதை அவன் ஒரு நாளும் எங்களை மறக்க விட்டதில்லை. திண்டிவனத்தில் பி.யு.சி. படித்துக்கொண்டிருந்தான். சனிக்கிழமை சாயங்காலம் மரக்காணத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நடந்து வருவான். வந்ததும் வராததுமாக, "ஜெயா, சமுதாயம்னா இன்னான்னு தெரியுமா உனக்கு?" என்பான். என்னை எட்டாவதோடு நிறுத்தியிருந்தார்கள். எனக்குத் தெரிந்த சமுதாயம் கிணற்றடிச் சண்டைதான்.

எழுபத்து மூன்றில், பாண்டிச்சேரியிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு பத்திரிகை ஞாயிற்றுக்கிழமைகளில் மாணவர்களுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கியது. மாதம் ஒரு தலைப்பு கொடுப்பார்கள், வருகிற கட்டுரைகளில் நல்லதைப் போடுவார்கள், பரிசும் உண்டு. முதல் தலைப்பு 'சட்டமும் சமுதாயமும்'. அண்ணன் எழுதி அனுப்பினான். பெயர், ஊர், காலேஜ் எல்லாம் போட்டு அச்சில் வந்துவிட்டது.

நல்ல எண்ணத்தில்தான் எழுதினான். அதுதான் எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல்.

அதற்கு முந்தின வருஷம் கரைவலை இழுக்கும்போது மீன் பங்கு பிரிப்பதில் தகராறு வந்து, கண்ணாயிரம் என்பவரை இருசப்பன் துடுப்பால் மண்டையில் அடித்துவிட்டான். மறுநாள் அவர் செத்துப்போனார். இருசப்பன் எங்கள் நாட்டாருக்குத் தங்கை மகன். நாட்டார் என்றால் எங்கள் ஊருக்குத் தலைவர். பெயர் அரசப்பன். அவர் ஊரைக் கூட்டினார். போலீசுக்கு யாரும் போகக் கூடாது, வெளியாள் கேட்டால் கட்டுமரம் கவிழ்ந்து செத்தார் என்று சொல்ல வேண்டும், கரைவலை கரையேறும்போதெல்லாம் கண்ணாயிரம் பெண்டாட்டி பாப்பாத்திக்கு ஓர் ஆள் பங்கு மீன் கொடுக்க வேண்டும், அவள் மகன் வலை பிடிக்கிற வயசு வரும்வரை கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு. நியாயமா என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த மீனை விற்றுத்தான் பாப்பாத்தி அக்காவும் கைப்பிள்ளையும் சாப்பிட்டார்கள். பங்கு ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

என் அண்ணன் இதை அப்படியே எழுதிவிட்டான், பெருமையாக. "எங்கள் ஊரில் கோர்ட் இல்லை, வக்கீல் இல்லை, வாய்தா இல்லை. கொலை செய்தவனைத் தூக்கில் போடுவதால் விதவைக்கு என்ன லாபம்? எங்கள் மக்கள் அவளுக்குச் சோறு போடுகிறார்கள்" என்று. கண்ணாயிரம் பெயர் இருந்தது, இருசப்பன் பெயர் இருந்தது. எடுத்துக்காட்டு இல்லாத கட்டுரைக்கு மார்க் இல்லை என்று வாத்தியார் சொல்லியிருந்தாராம்.

டீக்கடை சேட்டு அதை உரக்கப் படித்தபோது ஊரே பூரித்துப்போனது. நாட்டாரே இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். "நம்ம பஞ்சாயத்தைப் பத்தி பேப்பர்ல வந்துடுச்சு பாரு" என்று எல்லாருக்கும் அவர் கணக்கில் டீ. ஒருத்தருக்காவது உறைக்க வேண்டுமே! அந்த வாரமே போலீஸ் ஜீப் வந்தபோதுதான் உறைத்தது.

ஊர் ஒரே குரலில் சொன்னது, கட்டுமரம் கவிழ்ந்தது என்று. பாப்பாத்தி அக்காவும் அதையே சொன்னாள். போலீஸ் கையில் பத்திரிகைத் துண்டு இருந்தது. இருசப்பனை அழைத்துப் போய் இரண்டு நாள் வைத்திருந்து, பிறகு வெளியே விட்டார்கள். ஆனால் கேஸை மூடவில்லை. ஜீப் வந்து வந்து போனது.

மாரியம்மன் கோயில் முன்னால் மறுபடியும் ஊர் கூடியது. என் அப்பா செல்லப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நடுவில் நின்றார்.

"செல்லப்பா, உம் பையன் கெட்ட புத்தியில எழுதலைன்னு எனக்கும் தெரியுது. ஆனா ஊர் விஷயம் வெளிய போயிடுச்சே. பேப்பர்ல வந்தது பேப்பர்லயே போவணும். நான் எழுதுனது பொய்னு அதே பேப்பர்ல அவன் எழுதி வர்ற வரைக்கும் உன் ஊட்டுக்குக் கட்டு" என்றார் நாட்டார்.

கட்டு என்றால் எங்கள் வீட்டோடு யாரும் பேசக் கூடாது, நெருப்பு தரக் கூடாது, கட்டுமரத்தில் கை வைக்கக் கூடாது. மீறிப் பேசுகிற வீட்டுக்கும் அதே கட்டு. ஒற்றை ஆளாகக் கட்டுமரத்தை அலையில் தள்ள முடியாது. அப்பாவுக்குக் கடல் அன்றோடு நின்றது.

பிறகு நாட்டார் பாப்பாத்தி அக்காவைக் கூப்பிட்டார். "கேஸ் முடியிற வரைக்கும் உன் பங்கும் நிக்கட்டும்மா. இவளுக்கு எதுக்கு மீன் குடுக்கறீங்கன்னு போலீஸ்காரன் கேட்டா இன்னா சொல்றது?" அக்கா சரி என்று தலையாட்டினாள். வேறு என்ன செய்வாள்?

அப்பா வீட்டிலேயே கிடந்தார். அம்மா மங்கம்மாவும் நானும் உப்பளத்துக்குக் கூலிக்குப் போனோம். பாப்பாத்தி அக்காவும் வந்தாள். வாரிக் குவித்த உப்பைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து வரப்போடு கொண்டுபோய் மேட்டில் கொட்ட வேண்டும். காலில் வெடிப்பு இருந்தால் உப்புத் தண்ணீர் உயிரை எடுக்கும். கண்ணைத் திறக்க முடியாத வெள்ளை. மீன்கூடை தூக்கிய எங்களுக்கு அது ஒரு கேவலமாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஊரில் எங்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்ட அக்கா, உப்பளத்தில் பேசினாள். கோபப்படுவாள் என்று பயந்தேன். அவள் கோபப்படவே இல்லை.

"உங்கண்ணனைச் சீக்கிரம் எழுதச் சொல்லுடி. அது வந்துடுச்சுன்னா கேஸ் போயிடும். உங்கப்பா கடலுக்குப் போவாரு, எனக்கும் பங்கு வந்துடும்."

"வந்துடும்க்கா" என்றேன். நானும் நம்பினேன்.

அண்ணன் பாண்டிச்சேரிக்கு ஓடினான். பத்திரிகை ஆபீசில் கண்ணாடி போட்ட ஒருத்தர், "செய்தின்னா மறுப்பு போடலாம் தம்பி. நீ எழுதினது கட்டுரை. கட்டுரைக்கு ஏது மறுப்பு? அடுத்த தலைப்புக்கு எழுதி அனுப்பு" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

அடுத்த தலைப்பு 'வணிகமும் நாட்டு வளர்ச்சியும்'. அண்ணன் உப்பு வியாபாரத்தைப் பற்றி எழுதினான். உப்புக்கு நடுவில், 'வணிகத்தில் நாணயம் வேண்டும், எழுத்திலும் வேண்டும், சென்ற கட்டுரையில் நான் எழுதியது கற்பனை' என்று ஒரு பத்தியைச் செருகினான். கட்டுரை வந்தது, அந்தப் பத்தியை மட்டும் காணோம். சம்பந்தமில்லை என்று வெட்டிவிட்டார்கள் போலிருக்கிறது.

அதற்கடுத்தது 'பத்திரிகையின் கடமை'. இது நமக்கென்றே கொடுத்த தலைப்பு என்று துள்ளினான். விசாரிக்காமல் அச்சடிப்பதால் வருகிற கேட்டைப் பற்றி எழுதி, தன் பொய்யையே எடுத்துக்காட்டாகப் போட்டான். பத்திரிகையைத் திட்டுகிற கட்டுரையை எந்தப் பத்திரிகை போடும்? எட்டாவது படித்த எனக்குத் தெரிந்தது, அவனுக்குத் தெரியவில்லை. அது வரவே இல்லை.

வீட்டில் அரிசி குறைந்தது. அப்பா பேச்சும் குறைந்தது. ஒரு நாள் அம்மா அவரிடம், "உப்பளத்துக்கு நீயும் வாயேன்" என்று கேட்டுவிட்டாள். அவர் எழுந்து போய்க் கட்டுமரத்துப் பக்கத்தில் உட்கார்ந்தவர், இருட்டும்வரை வரவில்லை. எனக்கு அண்ணனை அறைய வேண்டும் போலிருந்தது.

நாலாவது மாதம் தத்துவம் வந்தது. தலைப்பு 'உண்மை என்பது யாது?'

இந்தத் தடவை அவன் எதையும் செருகவில்லை, பொய்யையே கட்டுரையாக்கிவிட்டான். "உண்மை கசப்பானது என்பார்கள். அது எனக்குச் சென்ற மாதங்களில் தெரிந்தது. இதே பக்கத்தில், கண்ணாயிரம் என்ற மீனவர் அடித்துக் கொல்லப்பட்டதாக எழுதினேன். அது பொய். அவர் கட்டுமரம் கவிழ்ந்து கடலில் இறந்தார். அவரை யாரும் அடிக்கவில்லை, யாரும் யாருக்கும் பங்கு கொடுக்கவில்லை. பாராட்டுக்கு ஆசைப்பட்டு இறந்தவரை விற்றேன். செய்த தவற்றை ஒப்புக்கொள்வதே உண்மையின் முதல் படி." எனக்குப் படித்துக் காட்டினான். படிக்கும்போது அவன் கண் கலங்கியது. எழுதியது பொய் என்பது மறந்து, தன் நேர்மையில் தானே உருகிவிட்டான்.

அதற்கு முதல் பரிசு கிடைத்தது. முழுக் கட்டுரையும் வந்தது. மேலே, 'தன் பொய்யைத் தானே சொன்ன துணிவு' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

நாட்டார் அதைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு எடுத்துக்கொண்டு போனார். கேஸை மூடிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடியது, சேட்டு படித்தான், அப்பா தேங்காய் உடைத்து ஊர்க்காலில் விழுந்தார். கட்டை எடுத்தார்கள். நாலு பேர் ஓடி வந்து அவரைத் தோளோடு தூக்கினார்கள். அம்மா அழுதாள். அண்ணன் முகத்தில் பழைய களை வந்துவிட்டது.

பாப்பாத்தி அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "கேஸ் முடிஞ்சுதே. என் பங்கு?" என்றாள்.

இருசப்பன்தான் வாயைத் திறந்தான். "இன்னா பங்கு? கடல்ல செத்தவனுக்கு ஊர் எதுக்குப் பங்கு குடுக்கணும்?"

நாட்டார் அவனை அதட்டினார். ஆனால் அவர் அக்கா முகத்தைப் பார்க்கவில்லை. "யாரும் பங்கு குடுக்கலைன்னு பேப்பர்ல வந்துடுச்சேம்மா. இப்ப குடுத்தா அதுவே சாட்சியாயிடும். மறுபடியும் ஜீப் வரும். ஊரை நெனைச்சுப் பாரு."

"ஊர் என்னை நெனைச்சுதா? என் புருஷனை அடிச்சவன் இதோ நிக்கிறான். நான் போலீசாண்ட போயி சொல்றேன், நடந்தது நெசம்னு" என்றாள்.

அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. போலீசுக்குப் போவேன் என்ற வாய்க்கு எங்கள் ஊரில் ஒரே மருந்துதான். எங்கள் வீட்டிலிருந்து எடுத்த கட்டை, இடத்தை விட்டு எழுந்திருக்காமலே அவள் வீட்டுக்குப் போட்டார்கள்.

மறுநாள் அப்பா கடலுக்குப் போய் வந்தார். வஞ்சிரம் கிடைத்திருந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வீட்டில் மீன் குழம்பு கொதித்தது. அண்ணன் அன்றைக்குக் காலேஜுக்குப் போகவில்லை. நாலு பேரும் உட்கார்ந்திருந்தோம். பாப்பாத்தி அக்கா வந்து வாசலில் நின்றாள்.

"தம்பி, இன்னொண்ணு எழுதேன். மொதல்ல எழுதுனதுதான் நெசம்னு" என்றாள்.

அண்ணன் அப்பாவைப் பார்த்தான். அப்பா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"பேசக் கூடாதுன்னு தெரியும். பேச வேணாம். எழுதவும் வேணாம்" என்றாள் அக்கா. "அவரைப் போலக் கடல்ல நீஞ்சறவன் இந்த ஊர்ல கெடையாது. கட்டுமரம் கவுந்து செத்தாருன்னு நாளைக்கு எம் புள்ளை படிப்பான். அவரை அடிச்சுத்தான் கொன்னாங்க, எனக்குப் பங்கு குடுத்தாங்க. நெசந்தானே? தலையையாவது ஆட்டு தம்பி."

உண்மைக்கு முதல் பரிசு வாங்கிய தலை அது. ஆடவில்லை. குனிந்து தட்டைப் பார்த்தது.

நான் ஆட்டினேன். பலமாகவே ஆட்டினேன், அப்பா பார்க்கிறார் என்று தெரிந்தும் ஆட்டினேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. அவனையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள், பிறகு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். கட்டுரை எழுதியது நான் இல்லையே.