எட்டாவது பிரதி

அவையின் நடுவில் பச்சைத் துணி போர்த்திய மேஜை ஒன்று உண்டு. அதைச் சுற்றி நாலு பக்கமும் பேச்சுதான், அந்த மேஜை மட்டும் பேசாது. அங்கே உட்கார்ந்து, உறுப்பினர்கள் வாயிலிருந்து விழுவதையெல்லாம் சுருக்கெழுத்தில் பிடிக்கிறவளுக்கு அலுவலகத்தில் மின்னல் என்று பெயர். வயது நாற்பத்தேழு. இருபத்திரண்டு வருஷமாக அதே நாற்காலி. பேரைக் கேட்டு ஏமாந்துவிடக் கூடாது. ஆளைப் பார்த்தால் தூங்கி வழிகிறவள் மாதிரி இருப்பாள். கண் பாதி மூடியிருக்கும், தலை லேசாகச் சாய்ந்திருக்கும், கை மட்டும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

அந்த வேலையின் சூட்சுமமே அதுதான். புரிந்துகொண்டு எழுதலாம் என்று நினைத்தால் தொலைந்தது. சொல் காதில் விழ வேண்டும், கையில் இறங்க வேண்டும், நடுவில் மண்டைக்கு ஒரு வேலையும் கிடையாது. பிறகு அறைக்குப் போய் டைப் அடிக்கும்போதுதான் என்ன பேசினார்கள் என்பதே தெரியவரும். அதனால் அவையில் அவள் மிதந்துகொண்டிருப்பாள். கூரைக் கண்ணாடி வழியாக வெளிச்சம் இறங்கும், அதில் தூசி மெல்லச் சுற்றும், பாலமும் பட்ஜெட்டும் வசவும் அவளைத் தொடாமல் அவள் வழியாகவே ஓடிப்போகும். பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை பக்கத்து நாற்காலிக்காரர் தன் பேனாவை எடுத்து முறையை வாங்கிக்கொள்வார். எந்நேரமும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பதால் அவருக்கு அலாரம் என்று பெயர்.

மேஜைக்கு வாய் கிடையாது என்பது அவையின் பழைய விதி. அதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. ஒரு சொல் காதில் சரியாக விழாமல் போனால், எழுதுகிறவர் எழுந்து நின்று "மறுபடியும் சொல்லுங்கள்" என்று கேட்கலாம். அவர் நிற்கும்வரை மந்திரியானாலும் வாயைத் திறக்கக் கூடாது. மின்னல் ஒரு தடவைகூட அப்படி எழுந்ததில்லை. அதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தவளைத்தான் மூன்று மாதம் முன்னால் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். கதவைச் சாத்திவிட்டு நடத்திய கூட்டம். மந்திரி, ஆறு அதிகாரிகள், அவள். வழக்கம்போல மிதந்தபடியே எழுதினாள். நடுவில் மந்திரி ஏதோ சொல்லிவிட்டு, "இதை எழுத வேண்டாம்" என்றார். அதற்குள் கை அதையும் எழுதி முடித்திருந்தது. அவள் எப்போதும் செய்வதுபோல அந்த வரியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். வட்டத்துக்குள் இருப்பதை டைப்பில் தாண்டிப் போய்விட வேண்டும், அதுதான் அவள் வழக்கம்.

டைப் அடிக்கும்போது புரிந்தது. குழாய்த் தண்ணீரில் ஈயம் கலந்திருக்கிறது. இரண்டு வருஷமாகவே தெரியும். பதினோரு பகுதிகள். நாலாவதாக இருந்தது அவள் குடியிருக்கும் பகுதி.

அடித்து முடித்ததை அதிகாரி எடுத்துக்கொண்டு சரிபார்க்கப் போனார். அவர் திரும்பி வருவதற்குள், நோட்டைப் பூட்டி வைக்க வாங்கிப்போவதற்குள், அவள் அந்த ஐந்து பக்கத்தையும் நோட்டைப் பார்த்து மறுபடியும் அடித்தாள். ஏன் என்று அப்போது கேட்டிருந்தால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. கனவில் நடக்கிறவளைப் போல அடித்தாள். சாப்பாட்டுப் பையில் மடித்துவைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

இரண்டு வாரம் அந்தக் காகிதம் பீரோவில் புடவைக்கு அடியில் கிடந்தது. பஸ் ஓட்டிவிட்டுக் களைத்து வரும் புருஷன் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்து மடமடவென்று குடிப்பார். கல்லூரிக்குப் போகும் மகள் அதே குழாயில் பாட்டிலை நிரப்புவாள். மின்னல் தண்ணீரைக் காய்ச்சிப் பார்த்தாள். ஈயம் காய்ச்சினால் போகாது என்று அவளே அந்த மூன்றாம் பக்கத்தில் அடித்திருந்தாள். பதினைந்தாம் நாள் ஒரு உறையில் போட்டுப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டாள்.

அப்புறம் கேட்க வேண்டுமா? பத்திரிகை வந்த தாளைக் காட்டாமல் தன் சொந்த எழுத்தில் கோத்து, முதல் பக்கத்தில் போட்டது. தலைப்பு, மந்திரியின் வாயிலிருந்து வந்ததாக ஒரு வரி: "குடிக்கிறவங்க குடிக்கட்டும், கோடை முடிஞ்சதும் சொல்லிக்கலாம்."

மின்னல் அந்தத் தலைப்பைப் பஸ் நிறுத்தத்தில் பார்த்தாள். அது வட்டத்துக்குள் இருந்த வரி. முதல் தடவை அடிக்கும்போது ஒழுங்காகத் தாண்டிப் போனவள், இரண்டாம் தடவை பதற்றத்தில் வட்டத்தையே பார்க்காமல் அடித்துவிட்டிருக்கிறாள். அரசாங்கத்தின் பிரதி எதிலும் இல்லாத வரி அது. இருக்கும் இடம் ஒன்றே ஒன்று, அவள் நோட்டு.

ஊர் இரண்டு பட்டது. டீக்கடை, பஸ், டிவி, எங்கும் அதே வழக்கு. ரகசியத்தை வெளியே விட்டவன் துரோகியா, உத்தமனா? டிவியில் நாலு பேர் நாலு கட்டத்துக்குள் உட்கார்ந்து ஒருவர் பேச்சை ஒருவர் கேட்காமல் கத்தினார்கள். தண்ணீரைப் பற்றி யாராவது பேசினார்களா என்றால் அதுதான் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனை விட்டுவிட்டு, சோற்றைக் கிளறியவன் யார் என்று தேடினார்கள்.

வீட்டிலும் அதே கதைதான்.

"சம்பளம் வாங்குற இடத்துக்கே குழி பறிக்கிறவன வெளியவே விடக் கூடாது," என்றார் புருஷன்.

"அப்பா, நீங்க இப்ப குடிக்கிறது என்ன தண்ணி?" என்றாள் மகள்.

"கேன் தண்ணி."

"எப்பலேருந்து?"

"பேப்பர்ல வந்ததுலேருந்து."

"அப்ப அந்த ஆளுக்கு ஒரு நன்றி சொல்லிட்டு உள்ள போடுங்க."

"அது வேற, இது வேற," என்றார் அவர். ஆனாலும் சத்தம் கொஞ்சம் இறங்கியிருந்தது. "ஏம்மா, நீ என்ன சொல்ற? உங்க ஆபீஸ் ஆளுதானே?"

மின்னல் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். "எனக்கு என்ன தெரியும்? நான் கேக்கறத எழுதறவ," என்றாள். அவளுடைய இடது கை விரல் மேஜைமேல் எதையோ எழுதிக்கொண்டிருந்தது. தூக்கத்தில்கூட அப்படித்தான், என் முதுகில் எழுதுகிறாள் என்று புருஷன் வருஷக்கணக்காகப் புகார் சொல்வார். இப்போதெல்லாம் அந்த விரல் எழுதுவது ஒரே வரியைத்தான் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

இதோடு போயிருந்தால் ஊர் வாய் ஓய்ந்ததும் எல்லாம் அடங்கியிருக்கும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அது நடந்தது. கார்பனைப் பிடித்தார்கள்.

கார்பன் என்பவர் அடித்தள அறையில் நகல் எடுக்கிறவர். விரலில் எப்போதும் மை. கூட்டக் குறிப்பை ஏழு பிரதி எடுத்தவர் அவர்தான். அந்த மெஷின் பக்கம் மாற்றும்போதெல்லாம் முதல் தாளைக் கருப்பாகத் துப்பும். அதனால் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு தாளை வீணாக விட்டுக் கிழித்துப்போடுவார். "மெஷினுக்கு முதல் கவளம்" என்று அதற்குப் பேர் வைத்திருந்தார். மெஷினின் எண்ணிக்கைக் கருவிக்கு இந்த விளையாட்டெல்லாம் தெரியுமா? அது பக்கத்துக்கு எட்டு என்று காட்டியது. எட்டாவது எங்கே என்று கேட்டார்கள். கிழித்தேன் என்றார். கிழித்த காகிதம் சாட்சிக்கு வருமா? விசாரணைக் குழுவுக்கு அந்த ஏழு பிரதியில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. காட்டினால் ரகசியம் போய்விடுமாம். ஊரே மனப்பாடமாகச் சொல்லும் ரகசியம்.

விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்ததை மின்னல் பார்த்தாள். நடைபாதை நீளமாக, ஓசையில்லாமல், தண்ணீருக்கு அடியில் கிடப்பது மாதிரி இருந்தது. நடந்து போனாள், போய்க்கொண்டே இருந்தாள், பெஞ்சு கிட்ட வர வெகுநேரம் ஆனது போலிருந்தது.

"வா தங்கச்சி," என்றார் கார்பன். "முதல் கவளம் குடுத்தேன், மெஷின் என்னையே முழுங்கிடுச்சு பாத்தியா."

"அண்ணே, வக்கீல் என்ன சொல்றாரு?"

"நாளைக்கு அவையில விசாரணை அறிக்கைய ஏத்துக்கிட்டா போலீஸ் கேஸாம். பத்து வருஷம்னு சொல்றாரு. எனக்கு இப்பவே அம்பத்தாறு." விரல் மையைத் துடைத்துக்கொண்டார். அது போகாத மை. "செஞ்சவன்மேல எனக்குக் கோவம் இல்ல. என் வீட்டுக் குழாயும் அதே குழாய்தான். ஒரே ஒரு சங்கடம் என்னன்னா, என் பொண்ணு இருக்காளே, அவ நான்தான் செஞ்சேன்னு நெனச்சுக்கிட்டிருக்கா. தலைய நிமித்திக்கிட்டு நடக்கறா. பிறந்ததுலேருந்து என்ன அப்படிப் பாத்ததே இல்ல. இல்லம்மா, நான் இல்லன்னு சொல்ல வாய் வரமாட்டேங்குது."

மின்னல் இப்போதே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். கதவு திறந்து அவரைக் கூப்பிட்டார்கள். அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார். அவள் பயந்தவள், இதில் மறைக்க ஒன்றுமில்லை. மகளின் படிப்பு, வேலை, ஜெயில், எல்லாம் வரிசையாக வந்து நின்றன. திறந்த வாயை மூடிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

மறுநாள் அவை நிறைந்திருந்தது. கூரைக் கண்ணாடியில் மழைத்துளி ஊர்ந்தது, அதன் நிழல் நோட்டின்மேல் ஊர்ந்தது. மின்னல் கண்ணைப் பாதி மூடினாள். துரோகம் என்று ஒரு குரல், மக்கள் உரிமை என்று ஒரு குரல், நாட்டின் பாதுகாப்பு என்று பின்வரிசையில் ஒருவர். எல்லாம் ஓடின. கை எழுதியது. இப்படியே மிதந்தபடி இந்த நாளையும் கடந்துவிடலாம், சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. உடம்பே எடையில்லாமல் இருந்தது.

எதிர்வரிசையிலிருந்து ஒரு அம்மாள் எழுந்தார். "மந்திரி ஒண்ணே ஒண்ணு சொல்லட்டும். 'குடிக்கிறவங்க குடிக்கட்டும்'னு சொன்னாரா, இல்லையா?"

மந்திரிக்கு மூக்குக்கு மேல் கோபம். "அப்படி ஒரு வரி கூட்டக் குறிப்புல கிடையவே கிடையாது. ஏழு பிரதியையும் நானே படிச்சேன். ஒண்ணுலயும் இல்ல. அந்த நகல் எடுக்கறவன் வெளிய குடுத்த பிரதியில மட்டும் எங்கேருந்து வந்துச்சாம்?"

இந்தப் பக்கம் கைதட்டல், அந்தப் பக்கம் கூச்சல். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ஆனால் நுணல் கெட்டதை யாராவது கவனிக்க வேண்டுமே. ஏழிலும் இல்லாத வரி, அதை நகல் எடுத்த தாளில் மட்டும் எப்படி முளைக்கும்? அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

மின்னலின் கை நின்றது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, சொல் கையில் இறங்காமல் மண்டைக்குப் போயிருந்தது. பேனா முனையிலிருந்து ஒரு சொட்டு மை தாளில் விழுந்து பரவியது. பக்கத்தில் அலாரம் திடுக்கிட்டுப் பார்த்தார். அவருடைய முறை வர இன்னும் நாலு நிமிஷம் இருந்தது.

"மேடம், என்னாச்சு?"

"நீங்க பிடிச்சுக்கோங்க," என்றாள்.

எழுந்து நின்றாள்.

கூச்சல் ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. மேஜை எழுந்தால் அவை அடங்க வேண்டும், விதி. தலைவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "எந்தச் சொல் விழலம்மா?" என்றார். மந்திரி பாதித் திறந்த வாயோடு நின்றார். எல்லாரும் அந்த இரண்டே வார்த்தைக்காகக் காத்திருந்தார்கள். மழைச் சத்தம் கேட்டது.

"எல்லாம் விழுந்துச்சுங்கய்யா," என்றாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "மந்திரி சொன்னது நிஜம். அந்த வரி ஏழு பிரதியிலயும் இல்ல. இல்லாத வரிய நகல் எடுக்க முடியாது. அது என் நோட்டுல மட்டும்தான் இருக்கு, வட்டம் போட்டு. நோட்டு உங்க அலமாரியில பூட்டியிருக்கு, தொறந்து பாருங்க. கீழ இருக்கற அண்ணன் எதையும் வெளிய குடுக்கல. குடுத்தது நான்."

மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வயிற்றில் மூன்று மாதமாக உட்கார்ந்திருந்த கல் மட்டும் இல்லை.

பிறகு மந்திரி இரண்டு கையையும் தூக்கினார். "இதை எழுத வேண்டாம்," என்று கத்தினார். "தலைவரே, மேஜைக்குப் பேச உரிமை கிடையாது. இதை எழுத வேண்டாம்."

வாசலிலிருந்து காவலர் இருவர் நடந்து வர ஆரம்பித்தார்கள். நீளமான அவை, அவர்கள் வந்து சேரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

மின்னல் குனிந்து பார்த்தாள். அலாரத்தின் பேனா அவளுடைய கடைசிச் சொல்வரை வந்திருந்தது. எழுத வேண்டாம் என்ற மந்திரியின் வரியும் அதற்கு அடியிலேயே இருந்தது. எதைச் சுற்றியும் வட்டம் இல்லை. வாழ்நாளெல்லாம் கடிகாரத்தைப் பார்த்த மனிதர் அன்று அதைப் பார்க்கவில்லை. தாளைத் திருப்பி, புதுப் பக்கத்தை உள்ளங்கையால் நீவிவிட்டுக்கொண்டு, தலை நிமிராமல் சொன்னார்:

"நடுவுல ஒரு வார்த்தை விட்டுட்டேன் மேடம். மறுபடியும் சொல்லுங்க."