முதுகில் அழுந்தும் கயிறு

அந்தப் பெட்டியை எனக்குக் கொடுங்கப்பா, என்று கேட்டேவிட்டேன், அதை மட்டும் கேட்டுடாதே, அந்த மனுஷன் உடைஞ்சு போயிடுவார் என்று அம்மா சாகும்போதுகூடச் சொன்ன பெட்டி, பிறந்ததிலிருந்து நான் மேலே படுத்துறங்கும் பெட்டி, கண்ணை மூடினால் அதைச் சுற்றிக் கட்டிய கயிறு முதுகில் அழுந்துகிறது, எனக்கு ஐந்து வயது, பிள்ளைக்கு ஒரு கட்டில் வாங்கலாமே என்கிறாள் அம்மா, எதுக்கு, வசந்தம் வந்ததும் வார்சாவுக்குக் கிளம்புறோம் என்கிறார் அப்பா, ஜார் மன்னனின் படையிடம் தோற்று, குதிரையும் நாடும் போய், பிரான்சின் இந்த ஆற்றங்கரை ஊரில் ஒதுங்கிய போலந்துக் கேப்டன் லுட்விக் அவர், துணி தைத்து அவருக்குச் சோறுபோட்ட அம்மாவுக்கோ வார்சா எந்தத் திசை என்றே தெரியாது, மார்ச் பிறந்தால் அப்பா கயிற்றை அவிழ்த்துச் சீருடையை வெயிலில் போடுவார், பூட்ஸுக்கு எண்ணெய் பூசுவார், அங்கே பனி உருகியதும் சண்டை தொடங்கிவிடும் என்பார், ஆப்பிள் பூவெல்லாம் உதிர்ந்த பிறகு எல்லாவற்றையும் உள்ளே வைத்து மறுபடி கட்டுவார், ஒரே இழுப்பில் அவிழும் குதிரைப்படை முடிச்சு, இருபத்தொன்பது வசந்தம், நான் ஆசிரியைத் தேர்வில் தேறிய அன்றும் போலந்துல உதவும் என்றுதான் சொன்னார், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, பார்க்காத நாட்டுக்காக, பிறந்த நாட்டில் படுக்க இடமில்லாதவள் நான், கடலோரத்துப் பள்ளிக்கூடத்துக்குத் திங்கட்கிழமை வருகிறேன் என்று எழுதிவிட்டேன், துணிமணி வைக்க இந்த வீட்டில் வேறு பெட்டி கிடையாது.

அதை எடுத்துட்டா நான் எதுல கட்டிட்டுப் போவேன், என்றார். நீங்க போகப்போறதில்லப்பா, என்றேன், சொன்ன வாயை என்ன செய்வது, அவர் உடையவில்லை, முடிச்சை இழுத்தார், பூச்சி அரித்த சீருடையை மார்போடு வைத்துப் பார்த்தார், இந்தத் தொப்பையோட பாத்தா குதிரையே அழும் என்று சிரித்தார், சிரிப்பு பாதியில் நின்றது, பிறகு என் பாவாடைகளை, புத்தகங்களை, சிப்பாய் அடுக்குவதுபோல் கனமானதைக் கீழே வைத்து அடுக்கி, அவரே கட்டினார்.

எப்ப வருவே, என்றார், வசந்தத்துல என்று நாக்குவரை வந்ததை விழுங்கினேன், ஆகஸ்ட் பத்தாம் தேதி வருவேன், அதுக்குள்ள கட்டில் வாங்கி வைங்க, என்றேன், பெட்டி இருந்த இடம் மட்டும் தரை வெளுத்துக் கிடக்கிறது, கேப்டன் முட்டி போட்டு அதைச் சாண் சாணாக அளக்கிறார், நீளம் பத்தாது, சுவரோரம் போட்டுடலாம் என்று தனக்குள் சொல்லிக்கொள்கிறார், நான் பெட்டியைத் தூக்கி முதுகில் ஏற்றுகிறேன், அதே கயிறு, அதே இடத்தில் அழுந்துகிறது, கதவைத் தாண்டிவிட்டேன், இப்போது அது என்னோடு நடக்கிறது.