எல்பர்ட் டிஸ்டேலின் காலாண்டுகள்

எல்பர்ட் டிஸ்டேல் 1924 மார்ச் 29, சனிக்கிழமை, புகையிலைக் கொட்டகைக் கூரையிலிருந்து விழுந்து செத்தான். ஏப்ரல் முதல் தேதி, செவ்வாய்க்கிழமை, பெர்ரிமன் சோடா கம்பெனி தன் பங்குக்காரர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பும் லாபப் பணம், டிவிடெண்ட் செக், தபாலில் வந்ததும் எழுந்து உட்கார்ந்து, பிணத்துக்கு மாட்ட வசதியாகத் தன் நல்ல சட்டையை முதுகுப் பக்கம் கிழித்தது யார் என்று கேட்டான். டெக்சாஸிலிருந்து தம்பி வந்து சேரட்டும் என்று அடக்கத்தைத் தள்ளிப்போட்டிருந்ததால் பெட்டிக்கு இன்னும் ஆணி அடித்திருக்கவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் கொண்டுவந்த பன்றித்தொடைகளும் பழப் பணியாரத் தட்டுகளும் மேசையை அடைத்துக்கொண்டிருந்தன; வேறு இடமில்லாமல் அவன் மனைவி ஆர்ஃபா அந்தச் செக்கை அவன் நெஞ்சின்மேல் வைத்தாள். வைத்ததுதான் தாமதம். கர்த்தர் உயிர்த்தெழுந்த மூன்றாம் நாளாக இல்லாமல் நான்காம் நாளாகப் போனதில் பாதிரியாருக்குப் பெரிய நிம்மதி. டாக்டர் எழுதிய இறப்புச் சான்றிதழ் மட்டும் கவுண்டி என்கிற மாவட்ட அலுவலகத்தில் முத்திரை குத்தியாகிவிட்டதால், அதை யாரும் திரும்பக் கேட்கவில்லை.

வடக்கு ஃபுளோரிடாவில், பிளம் ஃபெரியில், பெர்ரிமன் பங்கு இல்லாத வீடு கிடையாது. பேங்க் நடத்திய மிஸ்டர் கிம்ப்ரோ, கடன் கேட்டு வருகிறவனிடம்கூட, "மனுஷன் கையில கடைசி அஞ்சு சென்ட் இருந்தாலும் ஒரு சோடா குடிச்சுட்டுத்தான் அழுவான். பங்கை வாங்கிப் போடு, மறந்துடு" என்று சொல்லித்தான் அனுப்புவார். வாங்கிய பங்கை ஊரில் யாரும் விற்பதில்லை. பெண்ணின் கல்யாணமானாலும் அப்பனின் சவப்பெட்டியானாலும் டிவிடெண்டில்தான் நடக்கவேண்டும். கார் வாங்குவதற்காக இரண்டு பங்கை விற்ற ஒருவனின் பக்கத்தில் தேவாலயத்தில் ஒரு வருடம் யாரும் உட்காரவில்லை. அவனும் அந்தக் காரை ஊருக்கு வெளியேதான் நிறுத்துவான். ஆகவே ஒரு மனிதன் பங்கின் தயவில் எழுந்து நடமாடியதை ஊர் ஒன்றும் அலட்டிக்கொள்ளவில்லை. ஆர்ஃபாவிடம் அறுபது பங்கு இருக்கிறது, இருக்காதா பின்னே என்று பேசிக்கொண்டார்கள்.

அதன்பிறகு எல்பர்ட் மூன்று மாதம் மூன்று மாதமாக வாழ்ந்தான். செக் வந்த வாரம் கன்னம் சிவந்து, பேச்சுக்குப் பேச்சு ஏப்பம் விட்டுக்கொண்டு, மூன்று ஆள் வேலையை ஒருவனே செய்வான். போகப் போகத் திறந்து வைத்த சோடா மாதிரி சப்பென்று ஆகிவிடுவான். காலாண்டின் கடைசி இரண்டு நாள் உடம்பு சில்லிட்டுக் கட்டிலில் கிடப்பான். செக்கை நெஞ்சில் வைத்தால் எழுந்துவிடுவான். ஆர்ஃபா அதே செக்கைப் பேங்கில் போட்டுச் செலவுக்கு எடுத்துக்கொள்வாள். எட்டு வருடம் ஒரு தேதி தப்பவில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் அந்த இரண்டு நாள் அவளுக்குச் சோறு தண்ணி இறங்காது.

1932-ல் புகையிலையை ஓசியில் கொடுத்தாலும் ஏற்றிப்போக ஆளில்லை. நூற்று இருபது டாலருக்குப் போன பெர்ரிமன் பங்கு இருபதுக்கு வந்தது. கம்பெனி இந்த முறை டிவிடெண்ட் தராது என்று செப்டம்பர் முழுக்கப் பேச்சு அடிபட்டது. உதடு வெளுக்கத் தொடங்கியிருந்த எல்பர்ட்டின் காதிலும் அது விழுந்தது.

"வரலேன்னா வித்துடு, ஆர்ஃபா. வயித்துக்குச் சாப்பிடு. நான் எட்டு வருஷம் கூடுதலாவே இருந்துட்டேன்."

"வாய மூடிட்டுப் படு. கூடுதலா இருந்தாராம். என்னைக் கேட்டா இருந்த?"

இருபத்தொன்பதாம் தேதி அவன் சில்லிட்டான். அக்டோபர் முதல் தேதி, சனிக்கிழமை, தபால்காரர் கஸ் பீகாட் வாசலுக்கே வராமல் தெருவிலிருந்தே தலையை ஆட்டிவிட்டுப் போனார். ஞாயிறு தபால் இல்லை. திங்கட்கிழமை வந்தது செக் அல்ல, கடிதம். கம்பெனி இயக்குநர்கள் வருந்துவதாகவும், டிவிடெண்ட் பற்றி ஜனவரியில் பார்க்கலாம் என்றும் அதில் அச்சடித்திருந்தது. ஆர்ஃபா அந்தக் கடிதத்தையும் அவன் நெஞ்சில் வைத்துப் பார்த்தாள். இமைகூட அசையவில்லை.

ஒரு மணி நேரத்துக்குள் எல்பர்ட்டின் தங்கை வெல்மாவும், அவளுக்குப் பின்னால் மிஸ்டர் கிம்ப்ரோவும் வந்துவிட்டார்கள். அவர் கையில் மை நிரப்பிய பேனா இருந்தது. வடக்கிலிருந்து வந்த ஒரு புரோக்கர் அன்று மூன்று மணி வரை பங்குக்குப் பதினெட்டு டாலர் தருகிறான், நாளைக்குக் காகிதத்தின் விலைகூடத் தேறாது என்றார்.

"கையெழுத்துப் போடுங்க அண்ணி," என்றாள் வெல்மா. "அண்ணன் எப்பவோ போயிட்டான். ஊருக்கே தெரியும். உங்களுக்கு ஒருத்திக்குத்தான் தெரியல."

ஆர்ஃபா கிம்ப்ரோவைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க. விக்கவா?"

"காலம் மாறிப்போச்சும்மா."

"உங்க பங்கு எங்க?"

கிம்ப்ரோ பேனாவின் மூடியைத் திருகினார். திரும்பவும் கழற்றினார்.

"எப்ப வித்தீங்க?"

"போன செவ்வாக்கிழமை," என்றார்.

"ஊரையெல்லாம் உக்கார வச்சு விக்காத விக்காதன்னு ஓதின வாய்தானே இது? எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா?" என்றாள் ஆர்ஃபா. அவளுக்குக் கோபத்தைவிட வெட்கமாகத்தான் இருந்தது, அவருக்காக. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் தொப்பியைக்கூட எடுக்காமல் போனார். அந்த வாரமே பாதி ஊர் விற்றுவிட்டது. விற்றவர்களுக்கு அதன்பிறகு சோடா வெறும் கிணற்றுத் தண்ணீராகத்தான் தெரிந்தது என்பதை அவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

கவுண்டி சுகாதார அதிகாரி இரண்டு முறை வந்து உடலைப் புதைக்கச் சொன்னார். புதைக்கப் புது இறப்புச் சான்றிதழ் வேண்டும், ஒரே ஆளுக்கு இரண்டு சான்றிதழ் கொடுக்க விதியில்லை என்று அலுவலகத்தில் கைவிரித்துவிட்டார்கள். உடலும் கெடவில்லை. ஆர்ஃபா வாரத்துக்கு ஒருமுறை அவனுக்குச் சவரம் செய்தாள். முதலில் கோழிகளை விற்றாள், பிறகு அடுப்பை விற்றாள். புகையிலைக் கிடங்கில் நாளெல்லாம் இலை பிரித்து, சோளக்கூழும் டர்னிப் கீரையுமாக உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். டிசம்பரில் பங்கு ஒன்பது டாலருக்கு இறங்கியது. அன்று மட்டும் அலமாரியிலிருந்து பங்குப் பத்திரங்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். தான் செய்வது பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே பட்டது. பிறகு அவற்றைத் திரும்ப உள்ளே வைத்தாள்.

ஜனவரி மூன்றாம் தேதி கஸ் பீகாட் வயதை மறந்து ஓடிவந்தார். செக்தான், ஆனால் பாதித் தொகை. ஆர்ஃபா அதை எல்பர்ட்டின் நெஞ்சில் வைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவருக்குப் பின்னாலேயே வந்திருந்த வெல்மா வாயில் கையை வைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள். ஆர்ஃபா செக்கை எடுக்கவில்லை, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெகுநேரம் கழித்து அந்தக் கைக்குக் கீழே ஏதோ ஒன்று, மிக மெல்ல, ஒரு முறை இடித்தது.

எல்பர்ட் கண்ணைத் திறந்து அவளை ஏற இறங்கப் பார்த்தான். "ஏன் இப்படி எலும்பும் தோலுமா ஆயிட்ட? விக்கலையா?"

"ஒண்ணுகூட விக்கல."

"புத்தி கெட்டவளே," என்று அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

பாதிச் செக்கில் ஆறு வாரம்தான் வந்தது. பிப்ரவரி நடுவில் திரும்பவும் படுத்துவிட்டான். ஆர்ஃபா அவனைப் போர்த்திவிட்டு இலை பிரிக்கப் போனாள். எல்பர்ட் எங்கே என்று கிடங்கில் யாராவது கேட்டால், "ஏப்ரல்ல வந்துருவாரு" என்பாள். கேட்டவர்களும் சரி என்று தலையாட்டிவிட்டு, அவனிடம் கொடுப்பதற்காக ஏர் ஓட்டுகிற வேலையை ஏப்ரலுக்குத் தள்ளிவைத்தார்கள்.