ரெய்னோ நிறுத்திய இடங்கள்

எடிட்டிங் மென்பொருளுக்கு அப்டேட் வந்திருக்கிறது என்று திரையின் மூலையில் ஒரு புள்ளி மினுக்கினால் போதும், என் தம்பி ஆர்னிக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிடும். எத்தனை தடவை சொல்லியிருப்பேன், கையில் வேலை இருக்கும்போது அதைத் தொடாதேடா, ஒப்படைத்துவிட்டு அப்புறம் என்ன வேண்டுமானாலும் பண்ணித் தொலை என்று. கேட்டால்தானே! அந்தத் திங்கட்கிழமை காலை நான் தபால் ஆபீஸ் போய்விட்டுக் கடைக்குள் நுழைந்தபோது, பாதி தின்ற பெர்சியன் பன்னைக் கையில் வைத்துக்கொண்டு, விரலெல்லாம் ரோஸ் கிரீமோடு, "இப்ப நல்லா வேகமா ஓடுதுக்கா" என்றான்.

வேகமாகத்தான் ஓடியது. உள்ளே ஒன்றுமே இல்லை, ஓடாமல் என்ன செய்யும்.

கனடாவில் எங்கள் ஊரான தண்டர் பேயில் கல்யாணம், சாவு, ஹாக்கிப் போட்டி எதுவானாலும் கேமராவோடு போய் நிற்பது நானும் ஆர்னியும்தான். பிடிப்பது அவன், வெட்டி ஒட்டிப் படமாக்குவது நான். அன்றைக்கு என் மேஜையில் இருந்தது ரெய்னோ லாஹ்டியின் வேலை. ரெய்னோ எங்கள் தெருக்காரர். நுரையீரலில் புற்றுநோய். பிப்ரவரியில் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மகள் கைசாவுக்கு ஜூன் மாதம் கல்யாணம், அதுவரை நான் தாங்க மாட்டேன், அவளிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், நீ கல்யாண ஹாலில் போட்டுக் காட்டு என்றார். அதற்கு முன்னால் யார் கேட்டாலும் காட்டக் கூடாது, என் பெண்டாட்டி இர்யா கேட்டாலும் காட்டக் கூடாது என்று சத்தியம் வேறு வாங்கிக்கொண்டார். அன்றைக்கு ஆர்னிக்குக் காய்ச்சல், அதனால் அவர் வீட்டுச் சமையலறையில் நானே கேமராவை வைத்துப் பிடித்தேன். ஏரியில் ஐஸ் உடைவதற்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். ஆர்னி அப்டேட் போட்ட அந்த வாரம் சனிக்கிழமைதான் கல்யாணம்.

வேலையைத் திறந்தேன். சின்னச் சின்னக் கட்டங்களாக வரிசையில் நிற்க வேண்டிய ரெய்னோ, ஒவ்வொரு கட்டத்திலும் சிவப்பாகிக் கிடந்தார். எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: மீடியா கிடைக்கவில்லை. புது வெர்ஷன் எல்லாவற்றையும் வேறு இடத்துக்கு மாற்றுகிறேன் என்று கிளம்பி, பழைய இடத்தைத் துடைத்துவிட்டிருக்கிறது. புது இடத்தில் எதையும் வைக்கவில்லை.

ஆர்னி பன்னைக் கீழே வைத்தான். "நகல் இருக்குல்லக்கா" என்றான். நகல் எடுக்கத் தனியாக ஒரு டிஸ்க் வைத்திருக்கிறோம், இங்கே என்ன இருக்கிறதோ அதை அப்படியே அங்கேயும் வைக்கும். வைத்திருந்தது. இங்கே காலி, அதனால் அங்கேயும் காலி. நாங்கள் இரண்டு பேரும் முட்டாள் மாதிரி அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதே அது தன் கடமையை முடித்துவிட்டது. கேமராவின் கார்டை எப்போதோ அழித்து அதன்மேல் ஹாக்கி பிடித்தாயிற்று.  செத்தவரைத் திரும்பவும் உட்கார வைத்தா பேசச் சொல்ல முடியும்?

மென்பொருள் கம்பெனிக்குப் போன் போட்டேன். ரொம்ப நேரம் பாட்டு கேட்க வைத்துவிட்டு ஒரு பையன் வந்தான், தேனாகப் பேசினான். "தொலைஞ்சு போகல மேடம். எங்க இருக்குன்னு அதுக்குத் தெரியல, அவ்வளவுதான்" என்றான். எனக்கும்தான் தெரியவில்லை, உனக்கும் தெரியவில்லை, அப்புறம் அதற்குப் பேர் என்னப்பா என்று கேட்டேன். மேலதிகாரியிடம் சொல்கிறேன் என்றான். போனை வைத்துவிட்டு ஆர்னியைப் பிடித்துத் திட்டு திட்டென்று திட்டினேன்.

புதன்கிழமை காலை, இர்யாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் கடையைத் திறந்தேன். அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை பார்ப்போமே என்று வேலையைத் திறந்தால், பழைய போட்டோக்கள், கைசா சின்ன வயதில் மீன் பிடித்த வீடியோ எல்லாம் சிவப்பாகவே இருந்தன. ஒன்று மட்டும் சிவப்பாக இல்லை. நான் துண்டு துண்டாக வெட்டி வைத்திருந்த இடத்தில் ஒரே நீளமான கட்டம். ரெய்னோ சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், வெட்டுவதற்கு முன்னால் இருந்த முழுப் பதிவு.

சந்தோஷத்தில் ஆர்னியைக் கட்டிக்கொண்டேன். அப்புறம் இந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, காட்டு என்று மென்பொருளிடம் கேட்டேன். ஒரு ஃபோல்டரைத் திறந்து காட்டியது. அதற்குள் ஒன்றுமே இல்லை. ஃபோல்டர் காலி, படம் ஓடுகிறது. வேறு இடத்துக்குச் சேமித்துப் பார்த்தால் கறுப்பாக வந்தது. அந்த மென்பொருளுக்குள், அந்த மெஷினில் மட்டும்தான் ரெய்னோ இருந்தார். 

சரி, எப்படியோ வந்தாரே என்று உட்கார்ந்து முழுக்கப் பார்த்தேன். பிடித்த அன்றைக்கே எனக்கு ஒரு விஷயம் உறுத்தியிருந்தது. ரெய்னோ ஒரு வாக்கியம் சொல்வார், நிறுத்துவார். கேமராவுக்குக் கொஞ்சம் இடது பக்கமாக, அங்கே யாரோ நிற்கிற மாதிரிப் பார்ப்பார். கொஞ்ச நேரம் கழித்துத் தலையை ஆட்டுவார், அப்புறம்தான் அடுத்த வாக்கியம். தண்ணீர் வேண்டுமா என்று நான் கேட்டதற்கு, சும்மா இரு என்று கையைக் காட்டினார். மாத்திரை மயக்கம் என்று நினைத்துக்கொண்டேன். மூச்சு வாங்குவதையும் எச்சில் முழுங்குவதையும் மௌனத்தையும் நறுக்கி எறிவதுதான் என் பிழைப்பே. அதனால் அந்த இடங்களை எல்லாம் வெட்டி, ஒரு தகப்பன் தங்குதடையில்லாமல் பேசுகிற மாதிரி செய்து வைத்திருந்தேன். கடைசிக்குப் பக்கத்தில் யாரும் எதுவும் கேட்காமலே "ஆமா" என்று தனியாக ஒரு வார்த்தை. எதோடும் ஒட்டாத வார்த்தை என்று அதையும் எடுத்திருந்தேன்.

மறுபடி வெட்டினால் போச்சு என்று முதல் மௌனத்தில் கத்தரியை வைத்தேன். கட்டம் முழுக்கச் சிவப்பாகிவிட்டது. மீடியா கிடைக்கவில்லை.

 செய்ததைத் திரும்பப் பெறு என்று அழுத்தினேன். ரெய்னோ வந்தார். இரண்டாவது மௌனத்தில் வைத்தேன், போனார். திரும்பப் பெற்றேன், வந்தார். அவர் பேசுகிற இடத்தில் வெட்டினால் ஒன்றும் ஆகவில்லை, பேசாத இடத்தைத் தொட்டால்தான் போனார். ஆர்னி என்னைத் தள்ளிவிட்டு அவன் கையால் செய்து பார்த்தான், அவனுக்கும் அதே கதைதான். அவன் எழுந்து சிகரெட் பெட்டியைத் தேடினான். விட்டு வருஷக்கணக்காகிறது.

"அக்கா, இந்தாளு வெட்ட விட மாட்டேங்குறாருக்கா" என்றான்.

உளறாதே, அது அப்டேட்டில் வந்த கோளாறு, நீ இழுத்து வைத்த வினைதானே என்று பாய்ந்தேன். ஆனால் அதற்கப்புறம் நான் அந்த மௌனங்களைத் தொடவில்லை. பயந்துதான் போனேன், அதை ஒளிப்பானேன்.

மறுநாள் கைசா கடைக்கு வந்தாள். வான்கூவரிலிருந்து முந்தின நாள்தான் வந்திறங்கியிருந்தாள். அப்பா படுத்த குளிர்காலம் பூரா, அடுத்த வாரம் வருகிறேன், அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தவள், சாவுக்குத்தான் வந்தாள். என்ன வேலையோ, என்ன பயமோ, நான் கேட்டதில்லை. ஊர் கேட்டது. அப்பாவுக்கு உன்மேல் கோபமே இல்லை என்று அம்மா, சித்தப்பா, பாதிரியார் என்று ஆளாளுக்கு அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒரு பனி அள்ளும் மெஷினுக்காகப் பக்கத்து வீட்டுக்காரரோடு சாகிற வரைக்கும் பேசாமல் இருந்த மனுஷன் ரெய்னோ. அவருக்குக் கோபமே இல்லையாம்.

கையுறையே தேவைப்படாத அந்த ஜூன் மாதத்திலும் அவள் கையைக் கையால் தேய்த்துக்கொண்டே நின்றாள்.

"ஆன்ட்டி, நீங்க காட்ட வேணாம். அவர் என்ன சொன்னார்னும் சொல்ல வேணாம். எம்மேல கோபமா பேசுறாரா, அது மட்டும் சொல்லுங்க. எனக்கு அது தெரியாம அந்த ஹால்ல போயி உட்கார முடியாது."

கோபமாக ஒன்றும் பேசவில்லை என்றேன். அது நிஜம்தான். ஆனால் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் இதைத்தான் சொல்றீங்க என்றாள், கோபப்படாமல்தான் சொன்னாள். படத்தில் அவர் நடுநடுவே நிறுத்தி நிறுத்திப் பேசுவார், கொஞ்சம் பொறுமையாகப் பார் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அவள் போன பிறகு எனக்கு வேலையே ஓடவில்லை. அந்தப் பெண்ணுக்கு வேண்டியது ஒரே ஒரு பதில், அது என் மெஷினுக்குள் இல்லாத ஒரு கோப்பில் இருக்கிறதா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை மெஷினைக் கைக்குழந்தை மாதிரித் தூக்கிக்கொண்டு கர்லிங் கிளப் ஹாலுக்குப் போனோம். மீட்பால், ஊறுகாய் மீன், இர்யா ஏலக்காய் போட்டுச் சுட்ட புல்லா ரொட்டி, பெரிய கெட்டிலில் காப்பி. மாப்பிள்ளைத் தோழன் அசட்டு ஜோக்குகளைச் சொல்லி முடித்ததும் ஆர்னி திரைச்சீலைகளை இழுத்து மூடினான். நான் ஹாலின் கடைசியில் உட்கார்ந்து, மெஷினைப் புரொஜெக்டரில் மாட்டி ஓட விட்டேன். சுவரில் ரெய்னோ வந்தார், ஆளுயரத்துக்கும் மேலே.

"கைசா, உட்கார்ந்துட்டியா?" என்றார். நிறுத்தினார்.

அப்பாவைப் பார்த்த வேகத்தில் அவள் தன்னையறியாமல் "உட்கார்ந்துட்டேன்ப்பா" என்றாள். ரெய்னோ தலையை ஆட்டினார். ஹாலே சிரித்தது. என்ன அழகாகப் பிடித்திருக்கிறாய் என்று பக்கத்து மேஜைக்காரர் என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கினார்.

"பக்கத்துல இருக்கானே, அவன் பேரு என்ன?" என்றார் ரெய்னோ. அவர் மாப்பிள்ளையைப் பார்த்ததே இல்லை. நிறுத்தினார். மாப்பிள்ளை எழுந்து, சும்மா விளையாட்டுக்குத்தான், "லோவெல் சார்" என்றான். ரெய்னோ கொஞ்சம் யோசித்தார்.

"லோவெல். சரி."

நான் பிப்ரவரியில் கேட்ட பதிவில் அந்தப் பெயர் இல்லை. புதன்கிழமை பார்த்தபோதும் இல்லை, அந்த இடத்தில் "சரி" என்று மட்டும்தான் இருந்தது. ஆர்னி என் தோளைப் பிடித்துக்கொண்டான். இந்தத் தடவை சிரித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அவளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள், கோடையில் படகுக்கு வண்ணம் அடியுங்கள், அம்மாவைத் தனியாகச் சவுனா குளியலறை அடுப்பை மூட்ட விடாதீர்கள் என்று அவர் பேசப் பேச, நிறுத்திய இடத்திலெல்லாம் கைசா பதில் சொன்னாள். சரிப்பா. செய்றேன்ப்பா. ஒவ்வொன்றுக்கும் அவர் அவளைப் பார்த்தே தலையாட்டினார். அந்த இடது பக்கம் எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் பார்த்தேன். சுவரிலிருந்து பார்த்தால் மணமகள் மேஜை அங்கேதான் இருந்தது. ஹாலில் ஒரு கரண்டிச் சத்தம்கூட இல்லை.

கடைசிக்கு முந்தின மௌனம் வந்தது. எழுந்து நின்றாள் கைசா. இர்யா அவள் உடையைப் பிடித்து இழுத்தாள், அவள் உட்காரவில்லை.

"அப்பா, எம்மேல கோபமா?"

"ஆமா" என்றார் ரெய்னோ.

யாரோ ஐயோ என்றார்கள். இர்யா முகத்தைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அந்த மென்பொருளை, ஆர்னியை, என்னை, எல்லாவற்றையும் தூக்கிப் போட்டு உடைக்கலாம் போல இருந்தது. ஆனால் கைசா அழவில்லை. குளிர்காலத்திலிருந்து அவளிடம் உண்மையைச் சொன்ன முதல் ஆள் அவர்தான். இறுக்கிப் பிடித்திருந்த தோளைத் தளர விட்டாள். மேஜையைச் சுற்றிக்கொண்டு சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

அதற்கு மேல் பதிவில் ஒன்றும் இல்லை. அவர் நாற்காலியில் அசைவார், முடியும். எனக்குத் தெரியாதா, கேமராவை நிறுத்தியதே நான்தானே.

"இப்பவுமாப்பா?" என்றாள்.

என் மெஷினில் கோடு கடைசிக்கு வந்து நின்றது. கட்டம் சிவப்பாகியது. மீடியா கிடைக்கவில்லை. கறுப்புத் திரையைப் பார்த்து அந்தப் பெண் நிற்கக் கூடாதே என்று, விளக்கைப் போடச் சொல்லிக்கொண்டே புரொஜெக்டர் வயரைப் பிடுங்கக் கையை வைத்தேன். ஹாலில் யாரும் அசையவில்லை. நிமிர்ந்து பார்த்தேன்.

சுவரில் ரெய்னோ இன்னும் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் சமையலறை ஜன்னலில் நான் பிடித்த அன்றைக்கு இருந்த பிப்ரவரிப் பனி இல்லை, பிர்ச் மரம் பச்சைப் பசேல் என்று நின்றது. அவர் மகளை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம், அவசரமே இல்லாமல், இல்லை என்று தலையை ஆட்டினார்.

வயரைப் பிடித்திருந்த என் கையை ஆர்னி மெதுவாக எடுத்துவிட்டான்.