நானூற்றுப் பன்னிரண்டு கல்யாணங்களின் மழை

முப்பத்தொரு வருடங்களில் நானூற்றுப் பன்னிரண்டு கல்யாணங்களில் பெய்யவேண்டிய மழை முழுவதும் கெடுங்சாரியில் இபு லாசியெம் வீட்டின்மேல் மட்டும் பெய்தது. பக்கத்து வீட்டு இபு பார்தி பாயில் காயவைத்திருந்த மிளகாயில் ஒரு சொட்டுக்கூட விழுந்ததில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு மூங்கில் வேலிதான். வேலிக்கு அந்தப் பக்கம் ஓடு அதிரக் கொட்டும், இந்தப் பக்கம் கோழி மண்ணைக் கிளறி வெயில் காயும். எங்கள் ஊரில் யாரும் இதை நின்று பார்ப்பதில்லை. இபு பார்தி துணிக்கொடியை வேலியோரமாகவே கட்டியிருந்தார்.

லாவு மலையின் மேற்குச் சரிவில் எங்கள் ஊர்; பெரியவர்களில் பெண்களை இபு என்றும் ஆண்களைப் பாக் என்றும் மரியாதையாக அழைப்போம். பெசார் மாதத்தில்தான் கல்யாணம் வைப்போம். அந்த மாதம் நிலவைப் பார்த்து நகர்வதால் சில வருடங்கள் நல்ல மழைக்காலத்தில் வந்து மாட்டிக்கொள்ளும். அப்போது மழையைத் திருப்பத் தெரிந்தவர்களைக் கூப்பிடுவார்கள். அவர்கள் தென்னை ஈர்க்கில் சிவப்பு மிளகாயும் சின்ன வெங்காயமும் குத்தித் தலைகீழாக மண்ணில் நடுவார்கள். முதல்நாள் தொடங்கி வேலை முடியும்வரை தண்ணீரைக் கையால் தொடமாட்டார்கள், குளிக்கமாட்டார்கள். மழையும் திரும்பிப் போகும். எங்கே போகும் என்று யாரும் கேட்பதில்லை. எழுபத்தேழாம் வருடம் அப்படித் திருப்பிய ஒரு மழை கீழ்க்குடியிருப்பில் இறங்கி, அறுவடைக்கு நின்ற வெங்காயத்தை அழுகவைத்துவிட்டது. அந்தக் கல்யாணத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர்களில் லாசியெம்மும் ஒருவர். அப்போது வயது இருபத்துமூன்று, கல்யாணமாகி ஆறு மாதம். மறுநாள் அழுகிய வெங்காயத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்கிறார்கள்.

அடுத்த கல்யாணம் சித்தி மகளுடையது. அதற்கு லாசியெம் தாமே ஈர்க்கை நட்டார். கற்றுக்கொடுத்தவர் யாருமில்லை. கருமேகம் வந்து நின்றதும் அண்ணாந்து பார்த்து, வாசலில் நிற்கும் பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவது மாதிரிச் சொன்னார்: "இன்னிக்கு இங்க வேணாம். போக்கிடம் இல்லன்னா என் வீட்டுக்குப் போ. கதவு தெறந்துதான் இருக்கு." மேகம் நகர்ந்தது. லாசியெம்மின் கணவர் பாக் வாகிரான் அந்த நேரம் வீட்டுக் கூரைமேல் உட்கார்ந்து ஓடு மாற்றிக்கொண்டிருந்தார். தலையிலிருந்து கால்வரை நனைந்து இறங்கியவர், பெண்டாட்டி வந்து விஷயத்தைச் சொன்னதும், அடுத்த தடவை முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போகச் சொன்னார். அவர் வைத்த ஒரே நிபந்தனை அதுதான்.

அதன்பிறகு கூப்பிட்ட ஊருக்கெல்லாம் லாசியெம் போனார். முதலில் நடந்து, பிறகு பேருந்தில், கடைசி பத்து வருடம் யாராவது ஒருவரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து. கூலி என்று கேட்டதில்லை. ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு கோழியும் கொடுத்தால் வாங்கிக்கொள்வார். வீட்டுச் சுவர் இடுப்பளவுக்குப் பாசி பிடித்தது. வாகிரான் முற்றத்தைத் தோண்டிக் குளமாக்கிக் கெளுத்தி விட்டார். ஊரில் பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் தன் வீட்டில் மீனுக்குக் கல்யாணம் என்பார். அவர்களுடைய ஒரே மகள் நிங்சி கூடத்தில் குடை பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடப் பாடம் படித்தாள், படித்து மருத்துவச்சியாகி அரசாங்கச் சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ஈர வீட்டுப் பெண் என்று யாராவது கேலி செய்தால், ஆமாம், உங்கள் அக்கா கல்யாணத்து ஈரம்தான் என்று சொல்லிவிட்டுப் போவாள்.

நிங்சிக்கு ஹெந்த்ரோவைப் பிடித்தது. சோலோ நகரத்தில் பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார், அதிகம் பேசாதவன். அவன் அம்மா இபு குஸ்ரினி பாத்திக் துணித் தொழில் செய்பவர், விதவை. உயர்ந்த மதில் வைத்த வீடு, முற்றம் நிறைய மெழுகும் சாயமும். பெண் கேட்டு வந்த அன்று நாற்காலியில் உட்காருவதற்கு முன் கைக்குட்டையால் இரண்டு தடவை துடைத்தார். பாசியைப் பார்த்தார், மூலைக்கு மூலை வைத்திருந்த வாளிகளைப் பார்த்தார்.

"பாக், இது வீடா இல்ல மீன் வளக்குற எடமா?"

"ரெண்டும்தான்" என்றார் வாகிரான். "என்ன, இந்த மீனுங்க வாடகை குடுக்காது."

குஸ்ரினி சிரிக்கவில்லை. பெண்ணைப் பற்றி ஒரு குறையும் இல்லை என்றும், கல்யாணத்தை சோலோவில் ஒரு மண்டபத்தில் வைத்துக்கொள்ளலாம், செலவு தங்களுடையது என்றும், வருகிறவர்கள் உலர்ந்த இடத்தில் உட்காரவேண்டும் என்றும் மரியாதையாகவே சொன்னார். லாசியெம் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். தேநீர்த் தட்டோடு நின்ற நிங்சி தட்டைக் கீழே வைத்தாள்.

"இபு, மண்டபத்துல யாரு வேணா கல்யாணம் பண்ணிக்கலாம். எங்கம்மா நானூத்திப் பன்னண்டு மேடையைக் காய வச்சிருக்காங்க. அவங்க முத்தத்துலதான் நான் உக்காருவேன். நனைஞ்சா நனையறேன்."

அதுவரை வாயைத் திறக்காத ஹெந்த்ரோ, தானும் நனைவதாகச் சொன்னான். மண்டபப் பேச்சு அதோடு நின்றது.

அந்த வருடம் பெசார் மாதம் டிசம்பரில் வந்தது. மழை இல்லாத நாள் என்று ஒன்றைத் தேடிப் பிடிக்க முடியாத மாதம். ஊரில் எல்லோருக்கும் சிக்கல் புரிந்துவிட்டது. லாசியெம் திருப்பிய மழைக்குத் தெரிந்த ஒரே விலாசம் லாசியெம் வீடுதான், கல்யாணமும் அங்கேதான். வேறு ஊர்மேல் தள்ளிவிடச் சொல்லிச் சிலர் யோசனை சொன்னார்கள். முப்பத்தொரு வருடத்தில் செய்யாததைச் சொந்த மகளுக்காகச் செய்தால் அந்த வெங்காயக்காரன் முகத்தில் எப்படி விழிப்பது என்று லாசியெம் மறுத்துவிட்டார். இன்னொன்றும் இருந்தது. முதல்நாள் மணப்பெண்ணுக்கு மங்கல நீராட்டு. பெற்றவள்தான் கடைசிச் செம்பு ஊற்றவேண்டும். மழையைத் திருப்புகிறவள் தண்ணீரைத் தொடக்கூடாது.

"நானூறு பொண்ணுங்களுக்கு மழையப் பாத்துக்கிட்டேன்" என்றார் லாசியெம். "இவளுக்கு நான் அம்மாவா மட்டும் இருந்துக்கறேன். வர்ற மழை வரட்டும். நாம தயாரா இருப்போம்."

அப்படித் தயாரான கல்யாண வீட்டை நாங்கள் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. வாகிரான் ஒன்பது நாள் வேலை செய்தார். கெளுத்திகளை எல்லாம் பிடித்துச் சமையலுக்கு அனுப்பிவிட்டுக் குளத்தின்மேல் பலகை அடித்தார். லாரித் தார்ப்பாய்களை மூன்றடுக்காகக் கட்டி, ஒவ்வொரு அடுக்குக்கும் தனி வாட்டம் கொடுத்து, தண்ணீர் இறங்க மூங்கில் குழாய் வைத்தார். வாசலிலிருந்து மேடைவரை செங்கல்மேல் பலகைப் பாதை. மேடை முழங்கால் உயரம். கமேலான் வாத்தியக்காரர்களுக்கு ஆட்டுக்கொட்டிலைக் கழுவி வெள்ளையடித்துக் கொடுத்தார்கள். குருத்தோலைத் தோரணத்தைக் கம்பி வைத்துக் கட்டினார்கள். சமையலுக்கு வந்த பெண்கள் அடுப்புகளை மாட்டுவண்டிமேல் ஏற்றிவைத்தார்கள், தண்ணீர் ஏறினால் வண்டியை நகர்த்திக்கொள்ளலாம் என்று. உரக்கடைக்காரர் விளம்பரக் குடை எழுபது கொடுத்தார். ஒரு பெரிய மழையை நேருக்கு நேர் சந்திக்கப் போகிறோம் என்ற பெருமிதம் எல்லோர் நடையிலும் இருந்தது. கீழ்க்குடியிருப்பிலிருந்து ஆட்கள் ஏற்பாட்டைப் பார்க்கவென்றே வந்து போனார்கள்.

முதல்நாள் ஏழு கிணற்றுத் தண்ணீரில் பூ மிதக்க, லாசியெம் கடைசிச் செம்பை மகள் தலையில் ஊற்றினார். அவர் கை தண்ணீரில் இருந்த ஒரே கல்யாணம் அது.

மறுநாள் காலை மதகுரு முன்னால் திருமண ஒப்பந்தம் ஆயிற்று. பதினொரு மணிக்கு மாப்பிள்ளையும் பெண்ணும் வாசலில் சந்திக்கும் சடங்கு. பத்தரைக்கு லாவு மலையிலிருந்து மேகம் இறங்கியது. வழி தெரிந்த மேகம். வேறெங்கும் பார்க்காமல் நேராக வந்து முற்றத்துக்குமேல் நின்றது. முதல் சொட்டுகள் தார்ப்பாயில் விழுந்தபோது மாப்பிள்ளை வீட்டார் நாற்பது பேரும் பேருந்தை விட்டு இறங்கிப் பலகைப் பாதையில் வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் வந்த இபு குஸ்ரினி வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்துவிட்டு நின்றார். பாயில் மிளகாய் வெயிலில் பளபளத்தது. நானூற்றுப் பன்னிரண்டு மேடை என்று நிங்சி சொன்னதை அவர் அதுவரை வெறும் பேச்சு என்றுதான் நினைத்திருந்தார்.

"உங்க வீட்ல பெய்யலையே?" என்று இபு பார்தியிடம் கேட்டார்.

"எங்க வீட்டுக்கு யாரும் கூப்பிடலையே. இந்தம்மா கூப்பிட்டாங்க, ஒவ்வொரு கல்யாணத்துக்கும். எங்க மூத்தவ கல்யாணத்தன்னிக்கு நான் பக்கத்துலயே நின்னு கேட்டேன்." பார்தி அந்த வார்த்தைகளை அப்படியே சொன்னார்.

குஸ்ரினி அந்தப் பாசிச் சுவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கைப்பையிலிருந்து போனை எடுத்து, வீட்டைப் பார்த்துக்கொள்ளத் தங்கியிருந்த அக்காவைக் கூப்பிட்டார்.

"அக்கா, முத்தத்துல போய் நில்லு. மேல பாத்து, போக்கிடம் இல்லன்னா இங்க வா, கதவு தெறந்துதான் இருக்குன்னு சொல்லு."

சாயம் போட்ட நாற்பது துணி கொடியில் கிடக்கிறது, புத்தி கெட்டுவிட்டதா என்று அக்கா கேட்டது பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டது.

"துணி கெடக்கட்டும். சத்தமா சொல்லு."

மேகத்தின் மேற்கு ஓரத்தில் ஒரு வீட்டு அகலத்துக்கு ஒரு துண்டு கழன்று சோலோ பக்கம் போயிற்று. இதைப் பார்த்த இபு பார்தி, மிளகாயை எடுக்காமலேயே தன் முற்றத்தின் நடுவே போய் நின்று, சத்தமாகக் கூப்பிட்டார். இன்னொரு துண்டு கழன்றது. வேலிக்கு அந்தப் பக்கம் முதன்முதலாகக் கல்யாண மழை பெய்தது. வண்டிமேல் நின்று சமைத்துக்கொண்டிருந்த பெண்கள் கரண்டியை வைத்துவிட்டுப் போனை எடுத்தார்கள். போன் இல்லாதவர்கள் வீட்டுக்கு ஓடினார்கள். விருந்துக்கு வந்தவர்களில் லாசியெம்மால் மேடை நனையாமல் கல்யாணம் முடித்தவர்கள் முந்நூறு குடும்பம் இருப்பார்கள். அத்தனை பேரும் குடையைப் பிடித்துக்கொண்டு, காதில் போனை வைத்துக்கொண்டு, மாமியாருக்கும் மச்சானுக்கும் பிள்ளைக்கும் அந்த ஒரே வரியைச் சொல்லிக்கொடுத்தார்கள். வார்த்தை யாருக்கும் மறந்திருக்கவில்லை. மேகம் கலைத்த இலவம்பஞ்சு மாதிரித் துண்டு துண்டாகி எல்லாத் திசையிலும் பறந்தது.

லாசியெம் மகளைக் கைப்பிடித்து வெளியே அழைத்து வந்தபோது தார்ப்பாயில் சத்தம் நின்றிருந்தது. அவர் அண்ணாந்து பார்த்தார். சுற்றி நின்றவர்களின் முகத்தைப் பார்த்தார். சட்டையின் மடிப்பை நீவிவிட்டுக்கொண்டு கணவரைக் கூப்பிட்டார்.

"தார்ப்பாயக் கழட்டுங்க."

"ஒம்பது நாள் கட்டுனது" என்றார் வாகிரான்.

"நல்லாத்தான் கட்டுனீங்க. கழட்டுங்க. எல்லாரும் பாக்கட்டும்."

ஆண்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து மூன்றடுக்கையும் கழற்றினார்கள். அந்த முற்றத்தில் கல்யாண நாளன்று வெயில் விழுந்தது. நிங்சியும் ஹெந்த்ரோவும் வெற்றிலைச் சுருளை ஒருவர்மேல் ஒருவர் எறிந்தார்கள், மாப்பிள்ளை முட்டையை மிதித்து உடைத்தான், பெண் அவன் காலைக் கழுவினாள். லாசியெம் மேடையில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். அவ்வளவு உயரமானவர் என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அன்று சரியாக முந்நூற்று நாற்பத்தெட்டு வீடுகளில், வீட்டு எல்லைக்குள் மட்டும் மழை பெய்தது. பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற பாக் சார்மோ, கூரையில்லாத கார் கொட்டகைதான் தன்னிடம் இருக்கிறது என்று கூச்சத்தோடு கூப்பிட்டார், அங்கேயும் பெய்தது. பிரிந்து வாழ்ந்த ஒரு தம்பதி தனித்தனியாகக் கூப்பிட்டதால் இருவர் வீட்டிலும் அரை அரை மணி நேரம் பெய்தது. கீழ்க்குடியிருப்பு வெங்காயக்காரர், தனக்கு யாரும் போன் செய்யவில்லையே என்று வருத்தப்பட்டு மாலையில் நேரில் வந்து கேட்டார். அடுத்த கல்யாணத்துக்கு முதல் பெயர் அவருடையது என்று சொல்லி அனுப்பினோம்.

ஏனென்றால் அதற்குள் முறை வைத்தாயிற்று. இப்போது கிராம அலுவலகப் பலகையில், இரவுக்காவல் பட்டியலுக்குப் பக்கத்திலேயே, கல்யாண மழைக்கான பட்டியலும் ஒட்டியிருக்கும். இந்தக் கல்யாணத்து மழை இன்னார் வீட்டுக்கு. முறை வந்தவர்கள் அன்று துணி உலர்த்துவதில்லை, அவ்வளவுதான். மரியாதைக்காக லாசியெம்மை விட்டுவிட்டிருந்தார்கள். அவர் கிராமத் தலைவர் மேசை முன்னால் போய், தன் பெயரை எழுதும்வரை நின்றார். பெண் பார்க்கப் போகும் இடத்தில், அந்த வீடு எத்தனை மழை வாங்கியிருக்கிறது என்று விசாரிப்பது வழக்கமாகிவிட்டது. ஒன்றுகூட இல்லை என்றால் பேச்சு கொஞ்சம் தயங்கும்.

இபு குஸ்ரினியின் துணி நாற்பதிலும் சாயம் கலந்து போய்விட்டது. அதே துணியில் சட்டை தைத்துக் குடும்பத்துக்கெல்லாம் கொடுத்தார். முன்கூடத்து உட்கூரையில் ஒரு தட்டு அகலத்துக்குப் பழுப்புக் கறை விழுந்திருந்தது. விருந்தாளி யார் வந்தாலும் அதன் நேர்கீழே நாற்காலி போட்டு உட்காரவைப்பார். போன பெருநாளுக்கு வெள்ளையடிக்க ஒரு ஆள் வந்தான். ஏணியில் ஏறிக் கறையைப் பார்த்துவிட்டு, யார் கல்யாணம் என்று கேட்டான். மகன் கல்யாணம் என்றார் குஸ்ரினி. அவன் தலையாட்டிவிட்டு, அந்த வாரம் மற்ற மூன்று வீடுகளில் செய்தது போலவே, கறையைச் சுற்றி ஒரு விரல்கடை இடம் விட்டு வெள்ளையடித்தான்.